பழைய பயத்துக்கும் முதுமை மறதிக்கும் என்ன தொடர்பு?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று 45 வயதில் இருந்த ஒருவர் 2024இல் 65ஐத் தொட்டார். டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதிநோய் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்கும் வயது அது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அந்தக் காலையில் உயிர்தப்பிய நடுவயதுக்காரர்கள் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் தரங்கம்பாடியிலும் இப்போது அந்த வயதுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு நினைவு தடுமாறினால் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். மருத்துவரிடம் போனாலும் சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்ற கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. இருபது வருடத்துக்கு முந்தைய பயத்தைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதற்கு இன்று வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவை எதுவரை செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் மனவடு நோய் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனிப் பெயரோடு இடம்பெற்றது. உயிருக்கே ஆபத்தான ஒன்றில் சிக்கியவர்களுக்கும், கண்ணெதிரே பிறர் சாவதைப் பார்த்தவர்களுக்கும் வருவது. அந்தக் காட்சி கனவாகவும் நினைவாகவும் அழையாமல் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஆள் ஒதுக்குவார். மனம் மரத்துப்போகும், இல்லையென்றால் குற்ற உணர்வில் உழலும். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் நோய் என்று கணக்கு. ஊர்ப்பேச்சில் "பயந்த கோளாறு" என்பார்கள். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் நேர்ந்துகொண்டு, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு பலர் காலத்தைத் தள்ளியிருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. ஆனால் பயமும் கெட்ட தூக்கமும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் அதோடு வைத்தியமும் வேண்டும்.

எல்லா இழப்பும் மனவடு ஆகிவிடாது. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. பிள்ளைபோல் வளர்த்த மரங்களை இழந்தவருக்கு வருவது பெரும்பாலும் துக்கமும் மனச்சோர்வும். அதே ராத்திரி கூரை பிய்ந்து பறக்க, சுவரோரம் குழந்தைகளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தவருக்கு மனவடு வரலாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். மனிதர் கையால் நேர்ந்த கொடுமை, இயற்கைச் சீற்றத்தைவிட ஆழமாகவும் அதிகமாகவும் மனவடுவை விட்டுப்போகிறது. 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியில் அன்று குழந்தைகளாக இருந்தவர்களும் இன்று முதியவர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் மாண்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் முதுமையின் வாசலில் நிற்கிறார்கள். மனவடு என்ற பேச்சு கடற்கரைக்கு மட்டும் உரியதில்லை.

சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையின் ஒரு மீனவக் கிராமத்தில் நடந்த ஆய்வு, பெரியவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்ததாகக் கண்டது. பெண்களுக்கும், அலையில் அடிபட்டவர்களுக்கும், வருமானம் அற்றுப்போன வீட்டாருக்கும் அது கூடுதலாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், அத்தனை பெரிய அழிவுக்குப் பிறகும் பெரும்பாலானவர்களுக்கு நோயாக அது முற்றவில்லை.

எண்கள் சொல்வது

மறதிநோயோடு உள்ள தொடர்பைப் பெரிய அளவில் முதலில் காட்டியது 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு. படையிலிருந்து ஓய்வுபெற்ற, 55 வயதைக் கடந்த 1,81,093 பேரின் மருத்துவப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கும் மறதிநோய் இல்லை. முடிவில் மனவடு நோய் இருந்தவர்களில் 10.6 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 6.6 சதவீதத்தினருக்கும் மறதிநோய் வந்திருந்தது. தலைக்காயம், மனச்சோர்வு, குடி, இரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காக நின்றது. 2020இல், பல நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 17 லட்சம் பேர். முன்னாள் படைவீரர்களுக்கு வாய்ப்பு 1.6 மடங்கு, பொதுமக்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். படைவீரர்களுக்குச் சிகிச்சை கிடைக்கும் வழி கூடுதல் என்பது அந்த வித்தியாசத்துக்கு அவர்கள் சொன்ன ஒரு விளக்கம்.

"இரண்டு மடங்கு" என்ற சொல் பயமுறுத்தக்கூடியது. அதனால் நூறு பேராகப் பிரித்துப் பார்ப்போம். அந்த அமெரிக்க ஆய்வில் மனவடு நோய் இருந்த நூறு பேரில் ஏழு ஆண்டில் பத்துப் பதினொரு பேருக்கு மறதிநோய் வந்தது. மீதி 89 பேருக்கு வரவில்லை. சுனாமியில் பிழைத்த ஒருவரிடம் "உங்களுக்கு மறதிநோய் வரும்" என்று சொல்ல இந்த எண்கள் யாருக்கும் உரிமை தரவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒன்றின் பின் ஒன்று வந்ததாலேயே முந்தையது பிந்தையதற்குக் காரணம் ஆகிவிடாது. மறதிநோய் வெளியே தெரிவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுக்கு முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. முதுமையில் புதிதாகக் கிளம்பும் பயமும் பதற்றமும் அந்த நோயின் முதல் அறிகுறியாகவே இருக்கலாம். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மனவடு உள்ளவர்களுக்குச் சிறுத்திருப்பதைப் பல ஸ்கேன் ஆய்வுகள் கண்டன. பயம்தான் அதைச் சிறுக்கவைத்தது என்று நம்பப்பட்டது. 2002இல் ஓர் ஆய்வு, வியட்நாம் போருக்குப் போய் மனவடுவோடு திரும்பியவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கருவிலிருந்து உருவான, உருவொத்த இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்டது. வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் அந்தப் பகுதி சிறிதாகவே இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே உள்ள அமைப்பு இரண்டு நோய்க்கும் வழிவிடுகிறது என்ற சாத்தியத்தை அது திறந்துவைத்தது.

பயம் மூளைக்குள் போகும் பாதைகள்

"மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி மூளையை அரிக்கிறது" என்று எளிமையாகச் சொல்லப்படுவதுண்டு. மனவடு நோயில் விஷயம் அத்தனை நேராக இல்லை. பலருக்குக் கார்டிசால் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் அமைப்புதான் அளவுமீறிக் கூர்மையாகிவிடுகிறது. உடம்பு எப்போதும் ஓடத் தயாராக இருப்பதுபோல நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்குகின்றன, உள்ளழற்சி நீடிக்கிறது. வருடக்கணக்கில் இதற்குப் பலியாவது இரத்தக் குழாய்கள். மூளையின் நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு வரும் மறதிநோய்க்கு இது நேர்வழி.

தூக்கம் இன்னொரு பாதை. என் கணிப்பில் நம்மால் எளிதில் கைவைக்கக்கூடியதும் இதுதான். ஆழ்ந்த தூக்கத்தில் மூளை தன் கழிவைக் கழுவிவிடுகிறது. மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்ஸைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதமும் அந்தக் கழிவில் ஒன்று. கெட்ட கனவில் ராத்திரிக்கு நான்கு முறை எழுபவருக்கு அந்த ஆழம் கிட்டுவதில்லை. மனவடு உள்ளவர்களில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் அதிகம். அது தன் பங்குக்கு மூளைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது.

தூக்கம் வராதவர் சாராயத்தையோ மாத்திரையையோ நாடுகிறார். கடலைப் பார்க்கப் பிடிக்காதவர் கரைக்குப் போவதை நிறுத்துகிறார், பிறகு ஏலக்கூடத்துக்கு, பிறகு கோயிலுக்கு. நடை குறைகிறது, பேச்சு குறைகிறது. லான்செட் ஆய்விதழின் குழு 2024இல் மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உலகின் மறதிநோயில் 45 சதவீதம் வரை இவற்றோடு தொடர்புடையது என்பது அதன் கணக்கு. மனவடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மிதமிஞ்சிய குடி, மனச்சோர்வு, தனிமை, உடலுழைப்பின்மை என்று அதில் உள்ள பாதிக்குப் பாதி மனவடுவின் கையைப் பிடித்துக்கொண்டு வருபவை.

தலைக்காயமும் அந்தப் பட்டியலில் உண்டு. அலை தூக்கிச் சுவரிலும் படகிலும் அடித்துப்போட்டவர்கள் எத்தனையோ பேர். "அன்னிக்கி மயக்கம் போட்டீங்களா, எவ்வளவு நேரம், தண்ணி குடிச்சீங்களா" என்ற கேள்வி இருபது வருடம் கழித்தும் கேட்கத்தக்கதே. மூளைக்கு அன்று நேர்ந்த அடி, மனவடுவிலிருந்து தனியாகக் கணக்கில் வர வேண்டிய ஒன்று.

டெல்டாவுக்கு மிக நெருக்கமான பாடம் ஜப்பானின் இவானுமா ஊரிலிருந்து வருகிறது. 2011 மார்ச் சுனாமிக்கு ஏழு மாதம் முன்பு அங்குள்ள முதியோரிடம், வேறொரு காரணத்துக்காக, ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தது. பேரழிவுக்கு முந்தைய நிலை இப்படிக் கையில் கிடைப்பது அபூர்வம். அலைக்கு இரண்டரை ஆண்டு கழித்து, உயிரோடிருந்த சுமார் 3,600 பேரைத் திரும்பப் பார்த்தார்கள். மறதிநோய் அறிகுறி 4.1 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாகியிருந்தது. உறவினரையும் நண்பரையும் பறிகொடுத்ததைவிட, வீட்டை இழந்ததுதான் அறிவாற்றல் சரிவோடு தெளிவாகப் பொருந்தி வந்தது. அக்கம்பக்கத்தாரோடு பழகுவது குறைந்ததும் மனச்சோர்வும் அதற்கு ஒரு பகுதி விளக்கம். தனித்தனியாக வீடு ஒதுக்கப்பட்டுப் பிரிந்து போனவர்களுக்குப் பழக்கவழக்கம் சுருங்கியது, கூட்டமாகவே இடம்பெயர்ந்தவர்களுக்குப் பொது நடவடிக்கைகளில் கலந்துகொள்வது கூடியது என்று அதே குழுவின் பிந்தைய ஆய்வு சொன்னது.

நம் கடற்கரையில் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் சுனாமி குடியிருப்புகள் எழுந்தன. காங்கிரீட் வீடு பாதுகாப்பானதுதான். ஆனால் குப்பத்தில் திண்ணையும் வலை பின்னும் நிழலும் பக்கத்து வீட்டு அடுப்பும் ஒன்றாக இருந்தன. நிரை நிரையான வீடுகளில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தால், ஒரு கிழவிக்குத் தினமும் பேச்சுத்துணையாக இருந்த இன்னொரு கிழவி நான்கு தெரு தள்ளிப் போய்விடுவாள். இனி எந்தப் புயலுக்குப் பின் வீடு கட்டினாலும், பக்கத்து வீட்டாரைப் பக்கத்து வீட்டிலேயே வைப்பதை மருத்துவத் தேவையாகக் கருத வேண்டும்.

எது மறதிநோய், எது அதைப்போலத் தெரிவது

மனவடுவே மறதியை உண்டாக்கும். கவனம் எப்போதும் ஆபத்தைத் தேடிக்கொண்டிருப்பதால் சொன்ன செய்தி உள்ளே பதிவதில்லை. இப்படிப்பட்டவருக்குக் கொஞ்சம் எடுத்துக்கொடுத்தால், "ஆமா, நேத்து மகன் சொன்னான்ல" என்று நினைவு வந்துவிடும். அல்ஸைமரில் எடுத்துக்கொடுத்தாலும் வருவதில்லை. அப்படி ஒரு பேச்சு நடந்த சுவடே இருக்காது. தனக்கு மறக்கிறது என்று தானே வந்து முறையிடுபவரைவிட, "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்று சொல்ல, வீட்டார் கவலைப்படும் ஆளிடம் கூடுதல் கவனம் வேண்டும். தூக்கத்தில் கைகால் வீசி, கத்தி, பக்கத்தில் படுத்தவரை அடிப்பதையும் கெட்ட கனவு என்று தள்ளிவிடக் கூடாது. முதுமையில் புதிதாக வந்தால் அது பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தின் அல்லது லூயி பாடி வகை மறதிநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் அது பெரும்பாலும் டிமென்ஷியா அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை ஆகியவற்றைத் தேடி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்து சில வாரம் கழித்துத் தடுமாற்றம் வந்தால் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம், சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். மெதுவாக வந்த மறதிக்கும் தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், ஹீமோகுளோபின் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. காதும் கண்ணும் சோதிக்க வேண்டும். கேட்காத கேள்விக்குத் தவறான பதில் சொல்லி "மறதி" பட்டம் வாங்கியவர்கள் உண்டு.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது இதில் முக்கால் வேலை. சுனாமி வருடத்தில் யாரோ தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதிக்கொடுத்த அல்பிரஸோலமோ குளோனஸிபாமோ பழைய சீட்டின் பேரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். மனவடுவுக்கு அவை நல்ல மருந்தல்ல. முதியவர்களுக்கு மறதி, தள்ளாட்டம், இடுப்பெலும்பு முறிவு என்று கொண்டுபோய் விடும். ஆனால் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருத்துவர் கண்காணிப்பில் வாரக்கணக்கில், நெடுநாள் பழக்கமென்றால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். தூக்கத்துக்கும் தலைவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்குத் தரும் குளோர்பெனிரமின் போன்றவையும் நினைவை மங்கச் செய்பவை.

எழுத்தறியாதவரிடம் இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுவது அநியாயம். அமாவாசை போய் எத்தனை நாள், இது என்ன மாதம், கடைக்கு எந்த வழி, கிலோ மீன் இன்றைக்கு என்ன விலை என்று கேட்கலாம். அதைவிடப் பயன் தருவது வேலையைப் பார்ப்பது. ஐந்து பேருக்கு அரிசி எவ்வளவு என்று கைக்கணக்காகப் போட்டவர் இப்போது திணறுகிறாரா? வலையின் கிழிசலை முன்போல் கோக்கிறாரா? சில்லறை எண்ணித் தருகிறாரா? ஆறு மாதத்துக்கு முன் எப்படி, இப்போது எப்படி என்று வீட்டார் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அது பத்துச் சோதனைக்குச் சமம். அந்தத் தாளில் பழைய சம்பவமும் ஒரு வரி இருக்கட்டும்.

அதைக் கேட்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. "சுனாமியில என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று நேரே போகக் கூடாது. தூக்கத்திலிருந்து தொடங்கலாம். "அப்பாயி, ராத்திரி தூக்கம் புடிக்குதா? திடுக்குனு முழிச்சிக்கிறீங்களா? பழசு ஏதும் கனவுல வருதா?" பதில் வந்தால் கேட்டுக்கொள்ள வேண்டும், வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முழுக்கதையை வற்புறுத்திச் சொல்லவைப்பது புண்ணைக் கிளறும்.

சிகிச்சைக்கு வயது தடையில்லை. பயத்தை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 16 அமர்வு. மருந்து தேவைப்பட்டால் முதியவர்களுக்குச் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கிக் கூட்டுவது நடைமுறை. இடையில் சோடியம் பார்க்க வேண்டும், பிரஷருக்கு நீரிறக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கட்டாயம். மனவடுவுக்குச் சிகிச்சை எடுத்தால் மறதிநோய் தடுக்கப்படும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் இருபது வருடம் தூங்காதவர் தூங்குவது அதனளவிலேயே போதுமான பலன். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசுத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் 14416 தமிழிலேயே பேசும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண்மணி, தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் இந்த வேலையில் பாதி முடிந்தது.

மறதி வந்தபின் திரும்பும் அலை

தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. மறதிநோய் முதலில் தின்பது புதிய நினைவுகளை. பழையவை அவற்றைவிட நெடுநாள் நிற்கும். பயத்துக்குக் கடிவாளம் போடும் முன்மூளையும் தளர்கிறது. இருபது வருடம் அடக்கிவைத்திருந்த அந்தக் காலைப்பொழுது, நேற்று நடந்ததுபோல எழுந்து வருகிறது. தகரக் கூரையில் மழை விழுந்தால் "கடல் வருது, புள்ளைய தூக்கு" என்று வாசலுக்கு ஓடுவார். அப்போது "அது நடந்து இருபது வருசம் ஆச்சு" என்று வாதாடுவதில் பயனில்லை. விளக்கைப் போட்டு, எதிரே வந்து, அவர் உயரத்துக்கு உட்கார்ந்து, "நான் இருக்கேன். இங்க தண்ணி வரல. தரை காஞ்சிருக்கு பாருங்க" என்று காலைத் தரையில் பதியவைக்கலாம். பின்னாலிருந்து தொடக் கூடாது. போன பிள்ளையைத் தேடினால், செத்துவிட்டான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வது ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. "அவனுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டால் பேச்சு பிள்ளையின் நினைவிலேயே ஆறும்.

குளியல் பலருக்கும் போராட்டமாவதற்கு இதுவும் காரணம். தலையில் மொண்டு ஊற்றினால் மூச்சுத் திணறல் நினைவு வரும். வெதுவெதுப்பான நீரைக் காலிலிருந்து மேலே கொண்டுபோய், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கட்டிலோடு கட்டிப்போடுவது பயத்தைப் பல மடங்காக்கும். மனநோய்க்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை மறதிநோயாளிகளுக்குப் பக்கவாத, மரண ஆபத்தைக் கூட்டுபவை. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு மட்டும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் இவர்களுக்குக் கடினம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தியும் டிசம்பர் 26 நினைவுநாளின் அலைக்காட்சிகளும் தொலைக்காட்சியில் ஓடும்போது அணைத்துவிடுவது நல்லது. புயல் முகாமுக்குப் போக வேண்டி வந்தால், பத்து நாள் மாத்திரை, கண்ணாடி, காதுக்கருவி, பழகிய போர்வை இவற்றை ஒரே பையில் முன்கூட்டியே கட்டி வையுங்கள். பெயரும் மகன் மகளின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை, பையில் அல்லாமல் உடுப்பில் குத்தியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம், கதவுக்கும் கழிப்பறைக்கும் இடையில் சுவரோரம் இடம் கேட்டு வாங்குங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பக்கத்தில் படுப்பவர் முகாம் முடியும்வரை ஒரே ஆளாக இருக்கட்டும்.